தேயிலைக்குத் தெரியும், துஜாவுக்குத் தெரியாது

மலைப் பாதையில தேயிலைத் தோட்டம் வந்ததும் பஸ்ஸுக்குள்ள யாராவது ஒருத்தர் சொல்லிருவாங்க. "செடிய எவ்ளோ நீட்டா வளர்த்து வெச்சிருக்கான் பாரேன்!"

செடி இல்லைங்க அது. மரம்.

சும்மா சொல்லல. அசாம் வகைத் தேயிலையைக் கத்தியே படாம விட்டா 15 மீட்டர் வரைக்கும்கூட ஏறிப்போகும். சீன வகை கொஞ்சம் அடக்கம். இலை சின்னது, அடியில இருந்தே பல தண்டு விடும். அதுவும்கூட ஆள் உயரத்தைத் தாண்டாம நிக்காது. சீனாவுல யுன்னான் மாகாணத்துல நூத்துக்கணக்கான வருஷம் வயசான தேயிலை மரங்கள் இருக்கு. அங்க கொழுந்து பறிக்கணும்னா முதல்ல மரம் ஏறத் தெரியணும்.

வால்பாறையில, குன்னூர்ல, நுவரெலியாவுல நாம செல்ஃபி எடுத்துக்கிற பச்சைக் கம்பளம் முழுக்க, இடுப்பு உயரத்துக்கு மேல போகவிடாம நிறுத்தி வெச்ச மரங்கள்தான். ஒரு ஹெக்டேருக்குப் பத்தாயிரத்துக்கு மேல. அடுத்த தடவை போறப்ப மேலாப்புல போட்டோ எடுக்குறதை விட்டுட்டு, குனிஞ்சு இலைக்கு அடியில பாருங்க. முறுக்கிக்கிட்டு, முடிச்சு முடிச்சா, பாசி பிடிச்ச அடிமரம் தெரியும். அதுல சிலதுக்கு 100 வயசுக்கு மேல ஆகியிருக்கும். இன்னும் கொழுந்து குடுத்துக்கிட்டுதான் இருக்கும்.

இந்தப் பதிவுக்குக் காரணம் தேயிலை இல்ல. ஒரு அடுக்குமாடிக் குடியிருப்போட வாசல்ல வரிசையா நின்ன துஜா மரங்கள். (கூம்பு மாதிரி, விசிறி விசிறியா இலையோட இருக்குமே, அதேதான்.) வழியை மறைக்குதுன்னு யாரோ பாதி உயரத்துக்கு வெட்டி, பக்கவாட்டுலயும் பழுப்புக் கட்டை தெரியுற அளவுக்கு உள்ளே போய் வெட்டி விட்டிருக்காங்க. "துளிர்த்துரும் சார், மரம்தானே"ன்னு ஒரு சமாதானம் வேற.

துளிர்க்காது. அதுதான் விஷயம். எப்பவும் பச்சையா இருக்குற மரம்னு ஒரே பேர்ல கூப்பிடுறோமே தவிர, வெட்டுனதுக்கு அப்புறம் என்ன பண்ணணும்னு தேயிலைக்குத் தெரிஞ்சது துஜாவுக்குத் தெரியாது.

முதல்ல தெரிஞ்சவர்கிட்ட போவோம்.

தோட்டத்துல மரத்தை வெட்டி இறக்குறதுக்குப் பேரு கவ்வாத்து. (தோட்டக்கலைத் துறை நோட்டீஸ்ல ஒரு 'வ்' குறைஞ்சு கவாத்து ஆயிரும்.) 1867-ல ஜேம்ஸ் டெய்லர் இலங்கையில லூல்கந்துர தோட்டத்துல 19 ஏக்கர்ல தேயிலை போட்டாரு. அடுத்த ரெண்டு வருஷத்துல காப்பிச் செடியில இலைத்துரு நோய் வந்து காப்பித் தோட்டங்களைக் காலி பண்ணுச்சு. அந்த இடத்தையெல்லாம் தேயிலை பிடிச்சுக்கிச்சு. மலையேறிப் போன தமிழ்க் குடும்பங்கள்ல பெண்கள் கையில கொழுந்துக் கூடை, ஆண்கள் கையில கவ்வாத்துக் கத்தி. இன்னைக்குக் கத்திக்குப் பதிலா மோட்டார் மெஷினும் வந்திருக்கு. ஆனா கத்தி போன பாடில்ல.

ஏன் வெட்டணும்? கொழுந்து கிள்ளுறதே ஒரு வெட்டுதானே?

நியாயமான கேள்வி. வாரத்துக்கு ஒரு தடவையோ பத்து நாளைக்கு ஒரு தடவையோ "ரெண்டு இலை ஒரு மொட்டு" கிள்ளுறப்பல்லாம் அந்த மரம் தலையை இழக்குது. ஒவ்வொரு கிள்ளலும் பக்க மொட்டைக் கிளப்பிவிடுது. மேல்மட்டம் சமமா இருக்கணும்னு கொழுந்து எடுக்குற பெண்கள் மட்டக்கம்பு வெச்சுப் பார்த்துப் பார்த்துக் கிள்ளுவாங்க. ஆனா எவ்ளோ கறாரா கிள்ளினாலும் அந்த மட்டம் வருஷா வருஷம் சில அங்குலம் ஏறிக்கிட்டேதான் இருக்கும். கிள்ளின இடத்துக்குக் கீழ குட்டி குட்டியா முண்டு சேரும். கிளைங்க மெலிஞ்சு ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னிக்கும். மொட்டு விரியாம தூங்கிப்போற கொழுந்து அதிகமாகும். நாலஞ்சு வருஷத்துல கையும் எட்டாது, வரவும் குறையும்.

அப்போ வருது கத்தி. தென்னிந்தியத் தோட்டங்கள்ல பொதுவா நாலஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை. கீழ்நாட்டுச் சூட்டுல மரம் வேகமா வளரும், அதனால சீக்கிரமே வெட்டணும். உசரமான குளிர்ல மெதுவா வளரும், கொஞ்சம் தள்ளிப்போடலாம்.

வெட்டுல பல தினுசு இருக்கு. மரம் கிழடாகி, கிளையெல்லாம் சொத்தையாயிருச்சுன்னா தரையில இருந்து ஒரு அடிக்கும் கீழ இறக்கி, கட்டையை மட்டும் விடுறது. அடுத்தது 30-லேர்ந்து 45 சென்டிமீட்டர். அப்புறம் 45-லேர்ந்து 60. அதுக்கு மேல 65 வரைக்கும் லேசான வெட்டு. அதையும் தாண்டி மேலாப்புல தட்டிவிடுறதுக்குத் தனிப் பேரு. எந்த வெட்டு எந்த மலைக்குன்னு முடிவு பண்றது தோட்டத்தை நடத்துற துரையோட அறைக்குள்ள நடக்குற கணக்கு. (தோட்டத்துல 'மலை'ன்னா முழு மலையும் இல்ல. பேரோ நம்பரோ போட்ட ஒரு துண்டு நிலம்.)

முழுசா வெட்டிட்டா ஒரு இலைகூட இல்லாம குச்சியா நிக்குது. அப்புறம் எதை வெச்சுத் துளிர்க்கும்?

வேர்ல இருக்குற மாவுச்சத்தை வெச்சு. பேங்க்ல போட்டு வெச்ச காசு மாதிரி. வருமானம் நின்னுபோனாலும் ரெண்டு மூணு மாசம் அதுலதான் குடும்பம் ஓடணும். அதனால வெட்டுறதுக்கு முன்னாடியே கையிருப்பு எவ்ளோன்னு பார்த்துக்குவாங்க. பார்க்குற விதம் ரொம்ப எளிமை. பென்சில் கனத்துல வேரை எடுத்து, நறுக்கி, அயோடின் கரைசல்ல தோய்ப்பாங்க. நல்லா கருநீலமா மாறுனா மாவுச்சத்து தாராளம், வெட்டலாம். வெளுப்பா இருந்தா மரத்துக்கு ஓய்வு குடுக்கணும். சில வாரம் கொழுந்து கிள்ளாம விட்டு, இலை வளர்ந்து, வேர்ல சேமிப்பு ஏறுனதுக்கு அப்புறம்தான் கத்தி. பள்ளிக்கூடத்துல உருளைக்கிழங்குல சொட்டு விட்டு நீலமாச்சுன்னு கைதட்டுன அதே பரிசோதனைதான்!

இன்னொரு தந்திரமும் உண்டு. எல்லாக் கிளையையும் வெட்டாம ஓரத்துல ஒண்ணு ரெண்டு கிளையை இலையோட விட்டுவெக்கிறது. ஆங்கிலத்துல துரைமாருங்க இதுக்கு வெச்ச பேரை அப்படியே தமிழாக்குனா 'நுரையீரல் கிளை'ன்னு வரும். மத்த கிளைங்க துளிர்த்துத் தன் காலில நிக்குற வரைக்கும் இந்த ஒத்தக் கிளைதான் சமைச்சுப் போடும். துளிர் பிடிச்சதும் அதையும் வெட்டிருவாங்க. (நன்றி கெட்ட உலகம்.)

வெட்டு எந்தப் பக்கம் சாயணும்னும் கணக்கு இருக்கு. ஒரே வீச்சுல, பட்டை கிழியாம, சரிவா விழணும். நார் நாரா பிய்ஞ்சா அங்க தண்ணி தங்கும், பூஞ்சை வரும், கட்டை உள்ளே செத்துக்கிட்டே கீழ இறங்கும். பெரிய வெட்டுக்குத் தாமிர மருந்து தடவுறதும் உண்டு. வெயில் திடீர்னு அடிமரத்துல நேரா விழுந்தா பட்டை வெந்துரும். அதனால வெட்டுன குச்சியையே மேல பரப்பி நிழல் போடுவாங்க. மிச்சக் குச்சிக்கு இலங்கை மலையகத்துல பேரு மிலாறு. லயத்து (தொழிலாளர் வீட்டு வரிசை) அடுப்புல அதுதான் விறகு. நல்லா காஞ்ச மிலாறு கணகணன்னு எரியும்னு மலையகத்துல வளர்ந்த யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

துளிர் வந்ததும் உடனே கொழுந்து எடுத்துர மாட்டாங்க. புதுக் கிளையைக் கொஞ்சம் ஓடவிட்டு, குறிச்ச உயரத்துல எல்லாத்தையும் ஒரே மட்டமா கிள்ளி மறுபடியும் மேஜை மாதிரி மேல்மட்டத்தைக் கட்டுவாங்க. அந்த மட்டம் கோணிப்போச்சுன்னா அடுத்த நாலு வருஷமும் கோணல்தான்.

வெட்டாம விட்டா என்ன ஆகும்னு கேரளாவுல பீர்மேடு பக்கம் பார்த்திருக்காங்க. 2000-த்தை ஒட்டித் தேயிலை விலை விழுந்தப்ப சில தோட்டங்களை முதலாளிங்க பூட்டிட்டுப் போயிட்டாங்க. வேலை இல்ல, கூலி இல்ல. அங்கேயே தங்கிட்ட தொழிலாளிக் குடும்பங்கள்ல தமிழர்கள் ஏகப்பட்ட பேர். அந்தத் தோட்டத்துல 'செடி' எல்லாம் சில வருஷத்துல ஆள் உயரத்தைத் தாண்டி மறுபடியும் மரமாயிருச்சு. எத்தனையோ தலைமுறையா குட்டையா வெச்சிருந்தும் அது மரம்ங்குறதை மறக்கல. திரும்ப இறக்கணும்னா அடிக்கட்டை வரைக்கும் வெட்டணும். இறக்கவும் முடியும். தேயிலைகிட்ட இருக்குற பெரிய சொத்தே அதுதான்: பட்டைக்கு அடியில, பழைய கட்டையிலகூட, தூங்குற மொட்டு.

தூங்குற மொட்டு ஏன் தூங்குது? 1880-லேயே சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் செடியோட நுனியில ஏதோ ஒரு ஆணை பிறந்து கீழ இறங்குதுன்னு எழுதிட்டாங்க. 1933-ல திமன், ஸ்கூக்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் அவரைக் குடும்பத்துச் செடியில நுனியை வெட்டிட்டு, வெட்டுன வாயில ஆக்சின் ஹார்மோனை வெச்சுப் பார்த்தாங்க. நுனியே இல்ல, ஆனா பக்க மொட்டு எழும்பல. ஆக்சின் இருக்குற வரைக்கும் தலைவர் இருக்காருன்னு நம்பிக்கிட்டு உக்காந்திருந்துச்சு. இதுல ஆக்சின் மட்டும் இல்ல, வேற ஹார்மோன்களும் சர்க்கரையும் சேர்ந்துதான் வேலை பாக்குதுன்னு பின்னாடி தெரிஞ்சுது. 2008-ல ஸ்ட்ரைகோலாக்டோன்னு இன்னொரு ஆளும் இந்தப் பஞ்சாயத்துல வந்து சேர்ந்தாரு.

ஆனா ஒரு விஷயம். தலைவரை எடுத்தா எழும்புறதுக்குக் கீழ ஒரு மொட்டு இருக்கணும். இல்லாத ஊருல தேர்தல் வெச்சு என்ன பண்றது?

துஜா, சைப்ரஸ், பைன் மாதிரி ஊசியிலை, செதிலிலை மரங்கள்ல பெரும்பாலானதுக்குப் பழைய கட்டையில துளிர்க்குற மொட்டு கிடையாது. துஜாவை விலக்கிப் பாருங்க. வெளிய ஒரு சாண் பச்சை, உள்ளே முழுக்கப் பழுப்பு. அந்தப் பச்சை ஓடுதான் மரத்தோட மொத்தச் சமையலறையும். அதுக்குள்ள வெட்டுற வரைக்கும் மரம் உங்களோட ஒத்துழைக்கும், அடர்த்தியாகவும் செய்யும். பழுப்புக்குள்ள கத்தி போயிருச்சுன்னா அங்க ஒரு பொந்துதான். வருஷக்கணக்கா காத்திருந்தாலும் பொந்து பொந்தாவே இருக்கும். பக்கத்துக் கிளை சாய்ஞ்சு வந்து மூடினாத்தான் உண்டு.

இலையுதிர்ற மரத்துக்கு ஒரு வசதி இருக்கு. இலையைக் கொட்டுறதுக்கு முன்னாடி சரக்கையெல்லாம் கிளைக்கும் வேருக்கும் அனுப்பிரும். மொட்டையா நிக்குற மாசத்துல வெட்டினா அதுக்குப் பெரிய நஷ்டம் இல்ல. ஊசியிலை மரங்கள் அப்படி இல்ல. சேமிப்புல கணிசமான பங்கை இலையிலேயே வெச்சிருக்கும். பச்சையை வெட்டுறப்ப சமையலறையும் போகுது, அரிசி மூட்டையும் போகுது.

இதுல உலகத்துலயே அதிகமா வம்பு வளர்த்த மரம் லேலண்டி சைப்ரஸ். கதை சுவாரசியமானது. வட அமெரிக்காவோட மேற்குக் கரையில ரெண்டு சைப்ரஸ். ஒண்ணு கலிஃபோர்னியாவுல மான்டெரே பக்கத்துக் கடலோரம், இன்னொண்ணு ரொம்ப வடக்கே நூட்கா பக்கம். ரெண்டும் இயற்கையில சந்திச்சுக்கவே வாய்ப்பில்ல. வேல்ஸ்ல லெய்ட்டன் ஹால்ங்குற மாளிகைத் தோட்டத்துல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல நட்டாங்க. 1888-ல அங்க கிடைச்ச விதையில இருந்து ஒரு கலப்பு முளைச்சுது. வளர்ச்சின்னா வளர்ச்சி, நல்ல மண்ணுல வருஷத்துக்கு ஒரு மீட்டர் வரைக்கும். 1970-களுக்கு அப்புறம் பிரிட்டன்ல வீடு கட்டுன எல்லாரும் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பாக்காம இருக்க இதை வேலியா நட்டாங்க.

நட்டவங்க மறந்தது ஒண்ணே ஒண்ணு. அது வேலி இல்ல, 30 மீட்டர் போகக்கூடிய மரம்.

சின்னதா இருக்குறப்பவே வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை மேலாப்புல வெட்டிக்கிட்டே இருந்தா லேலண்டி அருமையான வேலி. ரெண்டு வருஷம் சோம்பேறித்தனமா விட்டா உங்க ஏணி எட்டாது. அப்புறம் இறக்கி வெட்டினா பழுப்புக் கட்டை. பக்கத்து வீட்டுச் சமையலறையில பட்டப்பகல்ல லைட்டு. சண்டை, போலீஸ், கோர்ட்டு. கடைசியில பார்லிமென்ட் வரைக்கும் போய், 2003-ஆம் வருஷத்து சமூக விரோத நடத்தைச் சட்டத்துல இதுக்குன்னே ஒரு பாகம் சேர்த்தாங்க. 2005 ஜூன்ல இங்கிலாந்துல அமலுக்கு வந்துச்சு. ரெண்டு அல்லது அதுக்கு மேல பசுமை மாறா மரங்கள் (அரைகுறையா மாறுறதும் சேர்த்தி) வரிசையா நின்னு, 2 மீட்டருக்கு மேல உசந்து, வெளிச்சத்தை மறைச்சா உள்ளாட்சி மன்றத்துல புகார் குடுக்கலாம். மன்றம் வெட்டச் சொல்லலாம். ஆனா 2 மீட்டருக்குக் கீழ இறக்கச் சொல்லவோ, மொத்தமா எடுக்கச் சொல்லவோ அதுக்கு அதிகாரம் இல்ல. ரவுடித்தனத்துக்கும் சுவர்ல கிறுக்குறதுக்கும் போட்ட சட்டத்துல ஒரு மரமும் உள்ளே வந்திருக்குன்னா, அது எவ்ளோ பேரோட தூக்கத்தைக் கெடுத்திருக்கும்னு பாருங்க!

அதே இங்கிலாந்துல லெவன்ஸ் ஹால்னு ஒரு தோட்டம் இருக்கு. 1694-ல கியோம் போமோன்ட்ங்குற பிரெஞ்சுத் தோட்டக்காரர் போட ஆரம்பிச்சது. குடை, கூம்பு, சதுரங்கக் காய்னு விதவிதமான வடிவத்துல 300 வருஷத்துக்கு மேலா வெட்டி வெட்டி நிறுத்தியிருக்காங்க. அங்க முக்கிய நாயகன் யூ மரம். ஊசியிலை மரக் கூட்டத்துல அபூர்வமான விதிவிலக்கு அது. பழைய கட்டையில இருந்தும் துளிர்க்கும். லேலண்டி வேகம், யூ பொறுமை. வேகமா வளரணும்னு கேட்டு வாங்குறவங்க, அதே வேகத்துல வருஷா வருஷம் கத்திரியும் பிடிக்கணும்ங்குறதை நர்சரிக்காரர் சொல்ல மாட்டாரு. அவர் வேலை விக்கிறது.

இன்னொரு ரகம் நம்ம ஊர் மாடியிலயும் வரவேற்பறையிலயும் தொட்டியில நிக்குற 'கிறிஸ்மஸ் மரம்', அரௌகேரியா. அடுக்கடுக்கா, கோயில் கோபுரம்போல அழகா போகும். கூரையை இடிச்சதும் தலையைக் கிள்ளிருவாங்க. அவ்ளோதான், அந்தச் சீரான கோபுரம் முடிஞ்சுது. பழையபடி கச்சிதமா ஒரே தலை திரும்ப வராது. வெட்டுன பக்கக் கிளையை நட்டுப் புது மரம் ஆக்கலாம்னு சில பேர் முயற்சி பண்ணுவாங்க. வேர்கூட விடும். ஆனா அது மேல போகாது, பக்கவாட்டுல கிளையாவே வளரும்! தான் கிளைங்குற நினைப்பு அதை விட்டுப் போறதில்ல. நேரா நிக்குற மரம் வேணும்னா நேரா வளர்ற நுனித் தண்டுதான் வேணும்.

ஜப்பான்காரங்க பைன் மரத்தோட மல்லுக்கட்டுறதே இல்ல. அதோட வழியிலேயே போறாங்க. பைன் நுனியில வசந்தகாலத்துல மெழுகுவத்தி மாதிரி இளந்தளிர் நீளும். அது மரக்கட்டையா முத்துறதுக்கு முன்னாடியே விரலால பாதியை ஒடிச்சுருவாங்க. கருப்புப் பைன்ல கோடைத் தொடக்கத்துல முழுத் தளிரையும் எடுத்துட்டா, அதுக்கப்புறம் வர்ற ரெண்டாவது தளிர் குட்டையா, சின்ன ஊசியோட வரும். இலையுதிர் காலத்துல பழைய ஊசிகளைக் கையாலேயே உருவுவாங்க. டோக்கியோவுல ஹமரிக்கியூ தோட்டத்துல 1709-ல நட்டதாச் சொல்ற ஒரு பைன் இன்னும் நிக்குது. 300 வயசு தாண்டிருச்சு. உசரமா போகாம, தரையை ஒட்டி நாலா பக்கமும் படர்ந்து, கிளைங்களுக்குக் கீழ முட்டுக்கொடுத்த கம்பத்துல சாய்ஞ்சு நிக்குது. ரம்பம் எடுக்க வேண்டிய நிலைமையே வராம பார்த்துக்கிட்டதுதான் அங்க நடந்த கவ்வாத்து.

ரம்பம்னதும் அலெக்ஸ் ஷைகோ ஞாபகம் வருது. அமெரிக்க வனத்துறையில வேலை பார்த்தவர். 1959-ல வேலைக்குச் சேர்ந்தப்பதான் ஒரே ஆள் தூக்கி வெட்டுற மோட்டார் ரம்பம் பரவலாயிருந்துச்சு. அதுக்கு முன்னாடி மரத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்து ஆராய்ச்சி பண்ணுவாங்க. இவர் நெடுக்கே பிளந்தாரு. ஆயிரக்கணக்கான மரங்கள். பழைய காயம் உள்ளே எப்படி இருக்குன்னு அப்பதான் தெரிஞ்சுது. மரத்துல காயம் ஆறுறதே இல்ல. நம்ம தோல் மாதிரி செத்த திசு போய்ப் புதுத் திசு வர்ற கதை அங்க கிடையாது. காயத்தைச் சுத்தி மரம் சுவர் எழுப்பி, உள்ளே வெச்சுப் பூட்டிட்டு, மேல புதுசா வளர்ந்துக்கும். 1970-கள்ல அவர் இதை எழுதுனப்ப தோட்டக்காரங்க மத்தியில பெரிய அடிதடி.

ஏன்னா அதுவரைக்கும் எல்லாரும் சொல்லிக் குடுத்தது என்ன? கிளையை அடிமரத்தோட ஒட்ட, வழுவழுன்னு வெட்டி, மேல தார் பூசு. ஷைகோ ரெண்டையும் தப்புன்னாரு. கிளை அடிமரத்துல சேர்ற இடத்துல கழுத்துப் பட்டை மாதிரி கொஞ்சம் புடைச்சு இருக்கும். அந்தப் புடைப்புலதான் மரத்தோட தடுப்புச் சுவர் இருக்கு. அதைத் தொடாம, அதுக்கு வெளிய வெட்டணும். ரொம்பத் தள்ளி வெட்டி முளை மாதிரி விட்டாலும் தப்பு, அந்த முளை செத்து அழுகும். தார், பெயின்ட் எல்லாம் அழுகலை நிறுத்தாது. சில சமயம் ஈரத்தை உள்ளே பூட்டி வெச்சு வளர்க்கவே செய்யும். (இருந்தாலும் நம்ம ஊர்ல ஏணியில ஏறுறவர் பாக்கெட்ல ஒரு பெயின்ட் டப்பா கட்டாயம் இருக்கும். பூசினாத்தான் வேலை முடிஞ்ச திருப்தி.)

நம்ம ஊர்த் தெருவுக்கு வருவோம். கரண்டு கம்பிக்கு அடியில நிக்குற வேம்பு, புங்கம், நெட்டிலிங்கம். வருஷத்துக்கு ஒரு தடவை லாரியில வந்து கம்பி இருக்குற பக்கத்தை மட்டும் அரிஞ்சுட்டுப் போயிருவாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. அவங்க வேலை கம்பி, மரம் இல்ல. ஆனா பல வருஷம் ஒரே பக்கம் அரிஞ்ச மரம் மறுபக்கத்துல பாரத்தைச் சுமந்துக்கிட்டு நிக்கும். வெட்டுன கட்டையில இருந்து கொத்துக் கொத்தா கிளம்புற புதுக் கிளைங்க வேகமா வளருமே தவிர, மரத்தோட வயிரத்துல இருந்து வந்ததில்ல. மேல் பட்டையில ஒட்டிக்கிட்டு நிக்குற கிளை, காத்து பலமா அடிச்சா பிய்ஞ்சுரும். 2016 டிசம்பர் 12-ல வர்தா புயல் சென்னையில ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்ச்சப்ப "அந்நிய மரம் விழுந்துச்சு, நாட்டு மரம் நின்னுச்சு"ன்னு எல்லாரும் பேசினோம். எப்படி வெட்டினோம், வேரைச் சுத்தி எவ்ளோ கான்கிரீட் போட்டோம்ங்குறதையும் சேர்த்துப் பேசியிருக்கலாம்.

நெட்டிலிங்கத்தைத் தலையில வெட்டுறது தனி வேடிக்கை. அதோட அழகே ஒத்தைத் தண்டா, ஊசியா மேல போறதுதான். ரெண்டாவது மாடி ஜன்னலை மறைக்குதுன்னு தலையை எடுத்தா நாலு தலை கிளம்பும். அடுத்த தடவை பன்னெண்டு. துடைப்பம் நட்ட மாதிரி ஆயிரும். அவ்ளோ உசரம் வேண்டாம்னா அந்த இடத்துல அந்த மரமே வேண்டாம். முப்பது அடி போற மரத்தைப் பத்தடியில நிறுத்துறது ஒரு நாள் வேலை இல்ல, சம்பளம் இல்லாத ஆயுள் உத்தியோகம். தேயிலைத் தோட்டத்துல அதுக்குன்னு ஆள், கத்தி, கணக்குப் புத்தகம் எல்லாம் இருக்கு. குடியிருப்போர் சங்கத்துல என்ன இருக்கு? ஒரு வாட்ஸ்அப் குரூப்.

மாமரம் தேயிலைக்கும் துஜாவுக்கும் நடுவுல நிக்குது. தேயிலை மாதிரியே வெட்டைத் தாங்கும், பழைய கட்டையிலயும் துளிர்க்கும். ஆனா அதுகிட்ட இருக்குறது வேற ஒரு கண்டிப்பு: நேரம். மாம்பூ கிளையோட நுனியில வருது. அதுவும் போன சில மாசமா முத்தி, ஓய்ஞ்சு இருக்குற நுனியில. அதனால பழம் பறிச்ச கையோட, ஜூலை ஆகஸ்டுக்குள்ள வெட்டிட்டா, புதுத்துளிர் வந்து முத்தி, மார்கழி தை பூக்கும் பருவத்துக்குத் தயாராயிரும். தீபாவளிக்கு வீடு சுத்தம் பண்றப்ப மரத்தையும் சேர்த்து வெட்டினா, தை மாசம் செம்பழுப்புக் கொழுந்தைப் பார்த்து ரசிச்சுக்க வேண்டியதுதான். பூ வராது. "போன வருஷம் நல்லா காய்ச்சுது சார், வெட்டினதும் மரம் கோவிச்சுக்கிச்சு"ன்னு சொல்றவங்க பலபேர் வெட்டுன மாசத்தைச் சொல்ல மாட்டாங்க.

பழைய முறையில பத்து மீட்டருக்கு ஒரு மரம், ஏக்கருக்கு 40. இப்போ அடர் நடவுல மூணுக்கு ரெண்டு மீட்டர், ஏக்கருக்கு 674 மரம் வரைக்கும் வெக்கிறாங்க. கணக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த மரங்களை வருஷா வருஷம் அறுவடை முடிஞ்சதும் கவாத்து பண்ணி, ஆள் எட்டுற உயரத்துல நடுவைத் திறந்து வெயில் விழுற மாதிரி வெச்சுக்கணும். ஒரு வருஷம் கூலியாள் கிடைக்கலன்னு விட்டா 674 மரமும் ஒண்ணோட ஒண்ணு மோதி இருட்டாயிரும்.

பெரிசாகி நிழல் மட்டும் குடுக்குற கிழட்டு மாந்தோப்புகளுக்கும் வழி இருக்கு. லக்னோவுல இருக்குற மத்திய மித வெப்பமண்டலத் தோட்டக்கலை நிறுவனம், 40 வயசு தாண்டின மரங்களைத் தரையில இருந்து மூணு நாலு மீட்டர் உயரத்துல தலைவெட்டிப் புது விதானம் எழுப்புற முறையைச் சொல்லிக் குடுத்துச்சு. ஒரேயடியா எல்லாக் கிளையையும் எடுத்தா சில மரங்களைத் தண்டுத் துளைப்பான் புகுந்து சாகடிச்சுருது. அதனால கிளைகளைப் பங்கு போட்டு, வருஷத்துக்குக் கொஞ்சமா வெட்டுற வழக்கமும் வந்திருக்கு. தேயிலைத் தோட்டத்துல நுரையீரல் கிளையை விடுறவங்க கேட்டா "இதைத்தானே நாங்க அப்பவே பண்றோம்"னு சொல்லுவாங்க.

சிக்கல் என்னன்னா, அப்படி வெட்டுன மரம் திரும்ப ஒழுங்கா காய்க்க ரெண்டு மூணு வருஷம் ஆகும். தாத்தா நட்ட மரத்துல கத்தி வெக்க வீட்டுல சம்மதம் வாங்குறதுக்கு அதைவிட அதிக வருஷம் ஆகும்.